கத்தியை அல்ல, வெட்டைத் தடுப்போம்: சோலூர்த் தோழர்களுக்கு அறைகூவல்

தோழர்களே! கொழுந்து எடை போட்டுவிட்டு, கேரட் மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு, ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

2019 மார்ச் 27. ஒடிசா கடலோரத் தீவிலிருந்து பாய்ந்த நம் ஏவுகணை, சுமார் 283 கிலோமீட்டர் உயரத்தில் நம்முடைய மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளையே நொறுக்கியது. துண்டுகள் 45 நாளில் விழுந்துவிடும் என்றார்கள். ஒரு வருடம் கழிந்தும் சில சுற்றிக்கொண்டிருந்தன. அதுவும் நாம் அடித்தது தாழ்வான உயரத்தில். 2007-இல் சீனா 860 கிலோமீட்டருக்கு மேலே அடித்தது. தெறித்த 3,000-க்கும் அதிகமான துண்டுகளில் பெரும்பாலானவை வெகுகாலம் கீழே வரவில்லை. உறைபனி எச்சரிக்கைக்கு உதவும் வானிலைச் செயற்கைக்கோள்கள் சிலவும் அந்த வானத்தில்தான் சுற்றுகின்றன, தோழர்களே!

சட்டம் ஏன் தடுக்கவில்லை? 1967 விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதத்தையும் சுற்றுப்பாதையில் நிறுத்தக் கூடாது என்றது. மற்ற ஆயுதங்களை விட்டுவிட்டது. விண்வெளியில் எது ஆயுதம் என்ற கேள்வியில் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டின் பேச்சு பல பத்தாண்டுகளாகத் தேங்கிக் கிடக்கிறது.

நம் அருவங்காடு தொழிற்சாலையில் செய்வது வெடிமருந்து, குழந்தைக்கும் தெரியும். மேலே விண்வெளியில் எது ஆயுதம் என்பது அப்படித் தெளிவாக இல்லை. 2022-இல் சீனாவின் ஷிஜியான்-21, செத்துப்போன செயற்கைக்கோள் ஒன்றைப் பிடித்திழுத்து ஒதுக்குப்புறத்தில் விட்டது. நல்ல வேலை. உயிரோடிருப்பதையும் அதே பிடி இழுக்குமே! 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டை நாமும் விண்ணில் இணைத்தோம். அதை ஆயுதம் என்று எவராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

நம் கையிலிருக்கும் கவாத்துக் கத்தியைப் பாருங்கள். அதை யாரும் தடை செய்யவில்லை; அதைக்கொண்டு ஆளை வெட்டினால் வழக்கு. வானத்துக்கும் அந்த நியாயமே போதும். பொருளுக்குப் பெயர் தேடி இன்னும் எத்தனை காலம்? செயற்கைக்கோளை உடைக்கும் செயலை முதலில் தடுங்கள்!

2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் அப்படி ஒரு தீர்மானம் வந்தது: ஏவுகணையால் செயற்கைக்கோளை உடைக்கும் சோதனை வேண்டாம். 155 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. நெஞ்சு பொறுக்கவில்லை, தோழர்களே. சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டும் என்கிறது டெல்லி. வேண்டும்தான். அது வரும்வரை, இனி உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுக்க என்ன தடை?

முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் மலை இது. இங்கிருந்தே குரல் எழட்டும். ஞாயிறு காலை 10 மணி, சோலூர் பேருந்து நிறுத்தம். ஹட்டியிலிருந்தும் எஸ்டேட் லைனிலிருந்தும் வாருங்கள். மனு எழுதி வைத்திருக்கிறோம், கையெழுத்திடுங்கள். திங்களன்று அதை ஊட்டிக்குக் கொண்டுபோய் ஆட்சியர் கையில் கொடுக்கிறோம், டெல்லிக்கு அனுப்பச் சொல்லி.