கிராண்டு இல்லாத மண்ணுக்குக் காசு கொடாதீர்!

தோழர்களே! புக்கிட் ரம்பாய்ப் பக்கம் லயத்தை விட்டு வெளியேறும் தொழிலாளி, சேமநிதிப் பணத்தோடு வீடு தேடுகிறான். அவன் பின்னால் தரகர் கூட்டம் நிற்கிறது. "பங்கு நிலம் அண்ணே, கிராண்டு பிறகு வரும்" என்கிறார்கள். எப்போது வரும்? யார் பெயரில் வரும்?

1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி, நில அலுவலகப் பதிவில் எவன் பெயர் இருக்கிறதோ அவனே உடையவன். டீக்கடையில் எழுதிய தாளுக்கு அங்கே மதிப்பேது? லாட்டு எண்ணைக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டிப் பதிவைப் பாருங்கள். பெயர், வங்கி அடமானம், கேவியட் தடை, குத்தகைக் காலம், விவசாய நிலமா வீட்டு நிலமா, எல்லாம் தெரிந்துவிடும். மலாக்காவில் இன்னொன்றும் உண்டு: மலாய் மரபு நிலமானால் நம் பெயருக்கு மாறுவது அரிது.

புது வீடு கட்டி விற்பவர், ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் முன்பதிவுப் பணம் கேட்கிறாரா? அது 1966ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் விதிகளுக்கு மாறு. கொடுக்காதீர்கள்.

"படிக்காதவன், ஏமாந்தான்" என்று நம்மவரே ஏளனம் செய்கிறார்கள். வெட்கம்! 1960இல் துன் சம்பந்தன் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டபோது, துண்டாடலிலிருந்து தோட்டங்களை மீட்கக் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கியவன் இதே பால்மரத் தொழிலாளிதான்.

தரகர் அவசரப்படுத்தினால் லாட்டு எண்ணோடு நம் கிராணி அறைக்கு வாருங்கள். மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம்.