பழைய லாப்டாப்பும் தாத்தா படங்களும்

சகோதரிகளே, போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

பத்து வருஷத்து லாப்டாப் ஒன்று. மாமனாரின் சதாபிஷேகப் படங்களெல்லாம் அதில்தான். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இதில் இல்லையாம்.

"லினக்ஸ் மின்ட் போட்டுப் பாக்கலாம்மா, இலவசம்தான்" என்றான் பையன். 2 ஜி.பி. ராம் இருந்தாலே ஓடுமாம். 4 இருந்தால் சௌகரியம். எங்களுடையது 4.

இதில் ஒரு நல்ல வசதி. பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். புடவையைத் தோளில் போட்டுப் பார்த்து வாங்குகிற மாதிரி! படம், சத்தம் எல்லாம் சரி. வைஃபை மட்டும் வரவில்லை.

"பரவாயில்லை" என்று நிறுவப் போனான். டிஸ்க்கை அழிக்கட்டுமா என்று திரையில் கேட்டது.

"இருடா! தாத்தா படத்தையெல்லாம் எடுத்து வச்சியா?"

திருதிருவென்று விழித்தான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. நல்லவேளை, அப்படியே நிறுத்திவிட்டு, பென் டிரைவில் ஓடிய மின்ட் மூலமே பழைய டிஸ்க்கைத் திறந்து, எல்லாவற்றையும் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்தோம். அப்புறம்தான் நிறுவினோம்.

வைஃபைக்கு? செல்போனை யு.எஸ்.பி. ஒயரில் இணைத்து நெட் வரவழைத்து, டிரைவர் மேனேஜர் மூலம் டிரைவரைப் போட்டதும் சரியாகிவிட்டது.

விண்டோஸுக்கென்றே உள்ள சில கணக்கு மென்பொருள்கள் இதில் ஓடாது. பிரிண்டரையும் முதலிலேயே சோதித்துக் கொள்ளுங்கள்.

முதலில் பிரதி, பிறகு சோதனை, கடைசியில்தான் நிறுவுதல். மறக்காதீர்கள்! லாப்டாப் போனால் வேறு வாங்கலாம். மாமனார் சிரித்த முகத்தை எந்தக் கடையில் வாங்குவது?