முனகும் சைக்கிள்

சைக்கிளைப் பற்றி நம்மவரிடையே பழைய வேடிக்கைப் பேச்சு ஒன்று உண்டு. மணியைத் தவிர மற்றெல்லாம் சத்தம் போடும் வண்டி அது என்பார்கள். கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும், பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு வந்து, அங்கிருந்து கொஸ்லாந்தைப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும் பாதையை அறிந்தவர்கள் நெடுநேரம் சிரிக்கமாட்டார்கள். ஒருபுறம் தேயிலை மேடு, மறுபுறம் பள்ளம், இடையே மழையில் நனைந்த ஒடுங்கிய வீதி. அவ்விறக்கத்தில் சைக்கிள் எழுப்பும் சத்தம் ஓட்டுபவனுக்கு வண்டி சொல்லும் சேதி. அச்சேதியைப் படித்தறியும் வகையை இவ்வாரம் ஆராய்வோம்.

2022ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் மீண்டும் வீதிக்கு வந்தன. புதிய வண்டிகளின் விலை ஏறவே, பலர் பழைய வண்டிகளையே தேடி வாங்கினர். கனமான பழைய ஆங்கிலேய வண்டிகளும், கியர் பூட்டிய ஜப்பானிய வண்டிகளும் அவற்றுள் அடங்கும். வண்டியோடு அதன் முனகலும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முனகலுக்கு நம் வீடுகளில் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றே: “கொஞ்சம் எண்ணெய் விடு!” நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து ஊற்றுவது எவ்வளவு விபரீதமோ, அவ்வளவு விபரீதம் இதுவும். முதலில் நோயையும், அடுத்து அதன் காரணத்தையும், அதன் பின்னரே தீர்க்கும் வழியையும் நாட வேண்டுமென்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு சைக்கிளுக்கும் பொருந்தும்.

சத்தம் பிறக்கும் இடத்தைக் காதால் மட்டும் கண்டுபிடிப்பது எளிதன்று. சைக்கிளின் உடல் உள்ளே வெறுமையான உலோகக் குழாய்களால் ஆனது. வீணையில் விரல் மீட்டுவது ஓரிடம், ஒலி பெருகுவது குடத்தில் அன்றோ? அதுபோலவே சீட்டின் அடியில் பிறந்த கிறீச்சொலி மிதியருகே பிறந்தது போலக் கேட்கும். ஆகவே, சத்தம் எங்கே கேட்கிறது என்று கேளாமல், எந்தத் தாளத்தில் கேட்கிறது என்று கேட்பதே அறிவுடைமை.

இதற்குச் சிறிது கணக்கு வேண்டும். முன் பல்சக்கரத்தில் 48 பற்களும் பின் பல்சக்கரத்தில் 18 பற்களும் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். மிதி 3 சுற்றுச் சுற்றினால் சக்கரம் 8 சுற்றுச் சுற்றும். செயினில் 112 கண்ணிகள் இருப்பின், மிதி 7 சுற்றுச் சுற்றும்போது செயின் 3 சுற்றே சுற்றி முடிக்கும். எனவே மிதியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்றால், நோய் மிதியிலோ, மிதித்தண்டிலோ, நடு அச்சிலோ இருக்கிறது. அதைவிட விரைவாகச் சக்கரத்தின் தாளத்தில் வந்தால், தளர்ந்த கம்பியையோ, வளைந்த ரிம்மையோ, டயரில் தைத்த கல்லையோ தேடுங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் விட்டு விட்டு வருமாயின், செயினில் ஒரு கண்ணி இறுகிக் கிடக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து நான்கு சோதனைகள். சமதரையில், வாகனம் வராத இடத்தில் இவற்றைச் செய்க. மிதிப்பதை நிறுத்துங்கள், சத்தமும் நின்றால் குற்றம் மிதி, செயின் பக்கம், நில்லாவிட்டால் சக்கரத்தின் பக்கம். (மிதிக்காதபோது பின்சக்கரத்திலிருந்து வரும் ‘டிக் டிக்’ ஒலியைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது பிரீவீலின் நாடித்துடிப்பு.) சீட்டிலிருந்து எழுந்து மிதியுங்கள், சத்தம் மறைந்தால் சீட்டையும் அதைத் தாங்கும் குழாயையும் பாருங்கள். வண்டியை நிறுத்திக்கொண்டு ஹேண்டிலை இருபுறமும் அழுத்துங்கள். முனகினால் அதன் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. இறுதியாக, முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்தில் ‘லொட்’ என்று தட்டினால் அங்குள்ள குண்டுகளின் பிடி தளர்ந்துவிட்டது என்பது பொருள்.

இவற்றைச் செய்யாமல் கடைக்கு ஓடுவதால் வரும் நட்டத்தை என் மாணவன் ஒருவன் அறிவான். மிதிக்குந்தோறும் வண்டி முனகிற்று. நடு அச்சே காரணமென்று முடிவு செய்து, இருமுறை அதைக் கழற்றிப் பூட்டச் செய்து கூலியும் கொடுத்தான். முனகல் குறையவில்லை. எழுந்து நின்று மிதிக்கச் சொன்னேன், வண்டி மௌனமாயிற்று. சீட்டின் அடியிலிருந்த நட்டு ஒன்றை இறுக்கியதும் விவகாரம் தீர்ந்தது. நடு அச்சைக் கழற்றுமுன் மட்காட், கெரியர், விளக்கு, பையிலுள்ள சாவிக்கொத்து ஆகிய சில்லறைக் குற்றவாளிகளை விசாரிப்பது நன்று.

இனி, கவனமாய்க் கேட்க வேண்டிய சத்தத்துக்கு வருவோம். பிரேக் பிடிக்கும்போது வீலென்று அலறுகிறதே, அது ஏன்? வயலினில் வில் நரம்பைப் பற்றியும் வழுக்கியும் நாதம் எழுப்புவது போல, பிரேக் கட்டை ரிம்மைப் பற்றியும் வழுக்கியும் அதிர்கிறது. இச்சத்தம் பொறாமல் ரிம்மிலோ கட்டையிலோ எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. அலறல் உடனே அடங்கும். அதனோடு பிரேக்கும் அடங்கிவிடும்! பூனாகலை இறக்கத்தில் அந்த மௌனத்துக்கு விலை உயிராகவும் இருக்கலாம். தட்டு பிரேக் உள்ள புதிய வண்டிகளுக்கும் இதுவே விதி.

செய்ய வேண்டியது வேறு. ரிம்மைச் சவர்க்கார நீரால் கழுவித் துடையுங்கள். கட்டையின் பளபளத்த மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, அதில் புதைந்த மணலையும் உலோகத் துணுக்கையும் ஊசியால் எடுத்துவிடுங்கள். கட்டையின் முன்விளிம்பு ரிம்மைச் சற்று முந்தித் தொடும்படி சாய்த்துப் பூட்டுங்கள். அலறல் மாறி உலோகம் உரசும் கரகரப்புக் கேட்டால், ரப்பர் தேய்ந்து போயிற்றா என்று உடனே பாருங்கள். தேய்ந்திருந்தால் புதிய கட்டை போடும்வரை வண்டியை எடுக்கவேண்டாம். பழைய வண்டிகளின் இரும்பு ரிம் மழையில் நனைந்தால், வண்டி நிற்க வேண்டிய தூரம் பல மடங்கு நீளும். அதற்கெனச் சத்தம் ஒன்றும் எழாது. ஓட்டுபவர்தாம் நினைவில் வைத்து, வேகத்தைக் குறைத்து, முன்கூட்டியே பிரேக் பிடிக்க வேண்டும்.

எண்ணெய்க்கு உரிய இடம் செயின். ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் உருவாக்கிய உருளைச் செயினின் வழி வந்ததே இன்றும் நம் வண்டிகளில் ஓடுகிறது. கண்ணிக்கு ஒரு துளி விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் மண் ஒட்டி அதுவே அரமாகிவிடும். ஒரு கண்ணி அரை அங்குலம். 24 கண்ணிகள் 12 அங்குலம். அவை 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. அத்தகைய செயின் மேட்டில் அழுத்தி மிதிக்கையில் ‘டடக்’ என்று பல் தாண்டும்; ஓட்டுபவர் நிலைதடுமாறுவார்.

மற்றொன்று சொல்லாமல் முடிக்கலாகாது. எதை இறுக்கியும் நீங்காத ‘டிக்’ ஒலி, அழுத்தி மிதிக்கும்போது மட்டும் வருமாயின், வண்டியின் உடலிலே வெடிப்பு இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, குழாய்கள் கூடும் மூட்டுகளையும், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையையும், ஹேண்டில் தண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போன்ற கோடோ, வர்ணத்தின் மேல் துருக்கோடோ தென்பட்டால், அந்த வண்டியில் ஏறவேண்டாம். முன்கவை முறிந்தால் பிரேக் இருந்தும் பயனில்லை.

பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த பெற்றோர் ஞாயிறுதோறும் கால்மணி நேரம் ஒதுக்கலாம். பின்சக்கரத்தை உயர்த்திப் பிடித்து, பிள்ளையை மிதியைச் சுற்றச் சொல்லி, இருவருமாகக் காதுகொடுத்துக் கேளுங்கள். பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்; நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். சத்தமில்லாத வண்டியெல்லாம் நல்ல வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. எழுந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் கண்டு தீர்த்த வண்டியே மலையிறங்கத் தக்கது.