போனை வைக்கும் உரிமை

மாண்புமிகு தமிழ்நாடு தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்கக் கால்கடுக்க நின்ற ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் சட்டமன்றம் சட்டம் செய்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்ந்த அந்தச் சிறு பிரிவை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. இந்த மடல் இன்னொரு கூட்டத்துக்காக. இவர்களுக்கு இருக்கை உண்டு, காதில் ஹெட்செட்டும் உண்டு. எதிர்முனையில் யார் எப்படி ஏசினாலும் போனை வைக்கும் உரிமைதான் கிடையாது.

டெலிகாலர்களைச் சொல்கிறேன். லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா, இன்சூரன்ஸ் எடுக்கிறீர்களா, தாம்பரம் தாண்டி பிளாட் பார்க்கிறீர்களா என்று கேட்கும் குரல்கள். பலர் டிகிரி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். வீட்டில் அவர்கள் சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு கடன் தவணையோ தம்பியின் காலேஜ் ஃபீஸோ காத்திருக்கும்.

போனை எடுக்கும் நமக்கு ஒன்று தெரிவதில்லை. பல இடங்களில் எண்ணை அழுத்துவது நம்மிடம் பேசும் பெண்ணே அல்ல. டயலர் என்னும் மென்பொருள் ஒரே நேரத்தில் பல எண்களுக்கு அடிக்கிறது. எடுத்தவரை, அந்த நொடியில் யார் சும்மா இருக்கிறாரோ அவரிடம் இணைத்துவிடுகிறது. நாம் "ஹலோ" சொன்ன பிறகு சில நேரம் ஓரிரு நொடி சத்தமே வராதே, அது இந்த இணைப்பு நடக்கும் நேரம். நாம் இழவு வீட்டில் இருக்கிறோமா, ஆஸ்பத்திரியில் இருக்கிறோமா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காலையில்தான் இன்னொருத்தி அழைத்தாள் என்பதும் தெரியாது. "என் நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கத்துகிறோம். அதுவும் அவளுக்குத் தெரியாது. நம் எண்ணை விற்றவரும் வாங்கியவரும் நம் வசவு எட்டாத இடத்தில் இருக்கிறார்கள்.

மக்களின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. மோசடிக்காரர்கள் பெருகிவிட்ட காலம் இது. ஓடிபி கேட்டால் மறுபேச்சில்லாமல் வைத்துவிட வேண்டியதுதான். விற்பனை அழைப்பே வேண்டாம் என்பவர்களுக்கு 1909 என்ற எண் இருக்கிறது. பதிந்து வைக்கலாம், மீறி அழைத்தால் புகார் தரலாம். புகார் தந்தால் அழைக்கச் சொன்னவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும். வசவு அந்தப் பெண்ணைத் தாண்டி ஓரடிகூடப் போகாது.

வசவையாவது தாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள் இந்த வேலை பார்த்தவர்கள். "குரல் நல்லா இருக்கே, எந்த ஊரு, ராத்திரி பேசலாமா" என்று இழுப்பவனை என்ன செய்வது? வாடிக்கையாளருக்கு முன்னால் ஊழியர் போனை வைக்கக்கூடாது என்பது பல அலுவலகங்களில் எழுதாத விதி. வைத்தால் டீம் லீடர் கூப்பிடுவார், இன்சென்டிவ் போகும். பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பெண்களைக் காப்பது முதலாளியின் கடமை என்று 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. போன் வழியே வருகிறவனும் வெளியாள்தானே?

தென்கொரியாவில் 2018 அக்டோபரில் ஒரு சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் ஏசினால் ஊழியருக்கு அந்த வேலையை நிறுத்தி ஓய்வு தருவது போன்ற நடவடிக்கைகளை முதலாளி எடுத்தாக வேண்டும். அதைக் கேட்ட ஊழியரைப் பழிவாங்கினால் தண்டனை உண்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நான் கேட்பது பெரிதல்ல. ஏச்சோ ஆபாசமோ வந்தால், ஒருமுறை எச்சரித்துவிட்டுப் போனை வைக்க ஊழியருக்கு உரிமை வேண்டும். அதற்காகச் சம்பளத்திலோ இன்சென்டிவிலோ ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக்கூடாது. பல நிறுவனங்கள் உரையாடலைப் பதிவு செய்கின்றன. என்ன நடந்தது என்பதற்குச் சான்று அவர்கள் கையிலேயே இருக்கிறது.

எங்கள் பங்குக்கு, "வேண்டாம்மா, லிஸ்ட்ல இருந்து என் நம்பரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வைக்க நாங்கள் பழகிக்கொள்கிறோம். 2021-இல் சேர்த்த இருக்கைப் பிரிவுக்கு அடுத்து, வரும் கூட்டத்தொடரிலேயே இந்தப் பிரிவையும் சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
அழைப்புகளை எடுக்கும் ஒரு குடிமகன்