தோலிலும் மூட்டிலும் ஒரே வருத்தம்



வன்னிக் கிராமமொன்றின் மாதர் சங்கக் கூட்டத்துக்கு வரும் ஓர் அக்கா, எப்போதும் கடைசிப் பாயில் சற்றுத் தள்ளியே இருப்பார். தேநீர் கொடுத்தால், வீட்டிலிருந்து கொண்டு வந்த பேணியைத்தான் நீட்டுவார். கொளுத்தும் வெயிலிலும் நீளக்கைச் சட்டைதான். கணவரைப் போரில் இழந்தவர். ஒரு தையல் மெசினை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர்.

ஒருநாள் கூட்டம் முடிந்தபின் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கையில் சிவந்த தடிப்பும் அதன்மேல் வெள்ளி போன்ற செதிலும் இருந்தன. செல் பட்ட பழைய தழும்பின் மேலும் அதே செதில்.

"தங்கச்சி, ஊர் என்ன கதைச்சாலும் பரவாயில்லை. என்ரை கையாலை சாப்பிட்டால் பிள்ளையளுக்கும் வந்திடுமோ எண்டுதான் பயம்" என்றார்.

அவருடைய விரல்களும் வீங்கியிருந்தன. 2006 ஆம் ஆண்டின் இறுதியில் சிக்குன்குனியா பரவிய பின்னர், எந்த மூட்டு நோவுக்கும் அதன் பெயரைச் சொல்வது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இவரும் அப்படித்தான் எண்ணி, கடையில் நோக்குளிசை வாங்கிப் போட்டு வந்தார். தோல் கிளினிக்கில் விரலைக் காட்டவில்லை. வெளிநோயாளர் பிரிவில் விரலைக் காட்டியபோது சட்டைக் கையை மடிக்கவில்லை. நானும் உதவிப் படிவத்தில் "மூட்டுவலி" என்று மட்டுமே எழுதினேன். இரண்டும் ஒரே வருத்தம் என்று அறிய நான்கு வருடங்கள் சென்றன.

இது என்ன வருத்தம்?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக நமது உடலைத் தாக்குவதால் வருவது இது. தோலில் வந்தால் சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பர். அதே தாக்கம் மூட்டுகளிலும் ஏற்பட்டால் சொரியாசிஸ் மூட்டுவாதம். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் தோலில் தொடங்கிப் பல வருடங்களின் பின், 30 முதல் 50 வயதுக்குள் மூட்டில் தெரியும். சிலருக்கு மூட்டில்தான் முதலில் வரும்.

பரம்பரைத் தன்மை ஒரு காரணம். அத்தன்மை உள்ளவர்களுக்கு மன அழுத்தமும் தொற்றும் நோயைக் கிளப்பிவிடலாம். காயம்பட்ட இடத்திலும் படை தோன்றலாம். அக்காவின் தழும்பில் வந்ததும் அப்படித்தான்.

இது ஒட்டுவதில்லை. தொட்டாலோ, ஒரே கோப்பையில் குடித்தாலோ, அவர் சமைத்ததைச் சாப்பிட்டாலோ வராது. சொரியாசிஸ் தொற்றாத, நாட்பட்ட நோய் என்று 2014 இல் உலக சுகாதார சபையும் தீர்மானத்தில் கூறியது. பாவமோ செய்வினையோ இதற்குக் காரணமல்ல.

எப்படி அறிவது?

* காலையில் எழும்பும்போது மூட்டுகள் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருத்தல்
* ஒரு விரல் முழுவதுமே தடித்து வீங்குதல்
* நகத்தில் சிறு குழிகள், நகம் தோலை விட்டுக் கிளம்புதல்
* குதிக்காலில் அல்லது நாரியில் நீங்காத நோவு
* ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு

கண் சிவந்து நோவெடுத்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதைக் காட்டித்தரும் தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. வாதத்துக்கான இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் இந்த நோய் இருக்கலாம். ஆகவே தோல், நகம், மூட்டு மூன்றையும் ஒரே வைத்தியரிடம் காட்டுங்கள். தலைமயிருக்குள் இருக்கும் படையையும் மறைக்க வேண்டாம்.

சிகிச்சை

முற்றாக மாற்ற முடியாவிட்டாலும் கட்டுப்படுத்த முடியும். நோக்குளிசை வலியைக் குறைக்குமே தவிர, மூட்டு பழுதாவதைத் தடுக்காது. அதற்கு மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. இக்குளிசை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே போடுவது. தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிளினிக் கொப்பியில் அந்தக் கிழமையைப் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைப் பாவிக்கக் கூடாது. பிள்ளை பெற எண்ணியிருப்போர் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனைத் தவணைகளைத் தவறவிட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத தூள், உருண்டைகளை நம்பாதீர்கள்.

வீட்டில், விறைத்த கைகளை இளஞ்சூட்டு நீரில் வைத்து மெதுவாக அசையுங்கள். அகப்பைக் காம்புக்குத் துணி சுற்றித் தடிப்பாக்கினால் பிடிப்பது இலகு. தண்ணீர்க் குடத்தைச் சிறிதாக்குங்கள். தேங்காய் திருவும் வேலையை மகனிடமும் கொடுக்கலாம்.

குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்குக் கிளினிக் நாள் என்பது கூலி இழக்கும் நாள். பஸ்ஸுக்கும் காசு வேண்டும், பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் வேண்டும். அதனாலேயே பலர் பாதியில் நின்று விடுகிறார்கள். அன்று ஒரு நேரச் சாப்பாட்டையும் பிள்ளைகளையும் அயலவர் பொறுப்பெடுத்தால், அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அந்த அக்காவின் இரண்டு விரல்கள் இனி நிமிரப்போவதில்லை. முன்னரே தெரிந்திருந்தால் அவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். இருந்தும் மருந்து தொடங்கியபின் விறைப்புக் குறைந்து, இப்போது பாடசாலைச் சீருடைகள் தைக்கிறார்.

சென்ற கூட்டத்துக்கும் பேணியோடுதான் வந்தார். சங்கத் தலைவி அதை வாங்கித் தன் பைக்குள் வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஊற்றிய கோப்பைகளில் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். உங்கள் கூட்டத்திலும் யாராவது தள்ளி இருந்தால், பாயைக் கொஞ்சம் நெருக்கிப் போடுங்கள்.