பள்ளிக்கூடத்துக்கு எந்த நிலம்?

20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டடம் கட்டினால் சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. பள்ளி, கல்லூரி, விடுதிகளுக்கு அது தேவையில்லை என்று 2014-இல் ஒன்றிய அரசு விலக்கு கொடுத்தது. 2025 ஜனவரியில் அதே விலக்கை மறுபடியும் கொண்டுவந்தது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கல்வியின் பெயரால் வந்த அந்த விலக்கு யாருக்குப் பயன்பட்டது? வெள்ளியங்கிரி அடிவாரக் கட்டடங்களுக்காக ஈஷாவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுப்பிய நோட்டீஸை, யோகா மையமும் கல்வி நிறுவனம்தான் என்று சொல்லி 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வாரியத்தின் மேல்முறையீடும் 2025 பிப்ரவரியில் தள்ளுபடியானது.

ஆகஸ்ட் தீர்ப்பில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை அது தொடாது. நான்கு வகுப்பறையும் ஒரு சத்துணவுக் கூடமும் உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளி எந்தக் காலத்தில் 20,000 சதுர மீட்டரை எட்டப்போகிறது?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் எல்லாம் இருக்கிறது. அந்த மைதானத்து மண்ணில் என்ன கிடக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. புதிய பெட்ரோல் பங்க் பொதுவாகப் பள்ளியிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்கிறது. பங்க் வைப்பவருக்கு இருக்கும் கேள்வி, பள்ளிக்கு நிலம் ஒதுக்கும் அதிகாரிக்கு இல்லை.

அவர் கைக்கு வருவது புறம்போக்கு. ஏரி உள்வாய், ஓடைக்கரை, சுடுகாட்டுப் பக்கம், குப்பை கொட்டி மேடான இடம். சேரியை எங்கே தள்ளினார்களோ, சேரிப் பிள்ளைகளின் பள்ளியும் அங்கேதான். நான் படித்த பள்ளிக்குப் பின்னால்தான் ஊர்க்குப்பை எரியும். மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் ஜன்னலைச் சாத்திவைத்துத்தான் பாடம். கொட்டியது ஊர், இருமியது நாங்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பழைய குப்பைமேட்டின் மேல் கறுப்பின மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். 1980-களில் அங்கேயே ஒரு தொடக்கப்பள்ளியும் வந்தது. கறுப்பினக் கல்வியாளர் ராபர்ட் மோட்டனின் பெயரை அதற்கு வைத்தார்கள். மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் இருந்தன. 1994-இல் அந்த இடம் நாட்டின் மோசமான நச்சு நிலங்களின் பட்டியலில் ஏறியது, பள்ளி மூடப்பட்டது. தலைவர் பெயரை வைத்துவிட்டு நச்சு மண்ணைக் கொடுப்பது நமக்கும் பழகிய வித்தைதானே!

2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்த பிறகுதான் பள்ளிகளின் தீப்பாதுகாப்பைப் பற்றி அரசு பேசியது. தீ ஒரே நாளில் கண்ணில் படும். ஈயம் படாது.

கேட்பது பெரிதல்ல. அஸ்திவாரம் தோண்டும் முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, அறிக்கையைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். குப்பைக் கிடங்கு, சாயக்கழிவு ஓடை, சூளை எவ்வளவு தூரத்தில் என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். மண் கெட்டிருந்தால் வேறு நிலம் எடுக்க வேண்டும், அது ஊர்த்தெருவில் இருந்தாலும் சரி. முதல் இரண்டுக்கும் யாரும் மறுப்பு சொல்லமாட்டார்கள். மூன்றாவதுக்குத்தான் ஊர் கூடும். அதனால்தான் அதிகாரியின் நல்ல மனசுக்கு விடாமல், இதை விதியாக எழுதச் சொல்கிறேன்.