ஓரமாகப் போகிறவர்களும் வீதியில்தான் போகிறார்கள்



இம்மாதம் ஒரு பிழையை உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். கடந்த மாதம் நான் ஒரு பாடசாலைப் பிள்ளையை வீதியில் விழுத்திவிட்டேன்.

மாலை நேரம். வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் சந்திக்குச் சற்று முன்னால், வெள்ளைக்கோட்டு ஓரமாக அந்தப் பிள்ளை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். முந்திவிடலாம் என்று நினைத்தேன். முந்தியதும் இடப்பக்கம் திரும்பினேன். அவள் பிறேக் பிடித்தாள். மணலில் சறுக்கி விழுந்தாள். முழங்கை உரிந்து இரத்தம் கசிந்தது. கொப்பிகள் வீதியில் சிதறிக் கிடந்தன.

நான் ஓடிப்போய்த் தூக்கியபோது அவள் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி, நான் பாத்து வந்திருக்க வேணும்."

விழுத்தியவள் நான். மன்னிப்புக் கேட்டவள் அவள். "பிழை என்னிலதான் பிள்ளை" என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை.

அன்றிரவு அவளுடைய வீட்டுக்குப் போனேன். தாய் என்னைக் கோபிக்கவில்லை. "காயம் மாறிடும் அக்கா. ஆனா இனிச் சைக்கிள் எடுக்கமாட்டன் எண்டு நிக்கிறாள். அந்தப் பக்கம் பஸ்சும் இல்லை. ரியூசனுக்கு என்னண்டு அனுப்புறது?" என்றார். ஒரு கணத்து அவசரத்தால் ஒரு பிள்ளையின் படிப்பையே மறிக்கப் பார்த்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சைக்கிளின் அருமை தெரியாதவளல்ல நான். 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. விறகு, அரிசி, நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் சைக்கிள் கரியரில்தான் போயின. டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்தபோது, மிஞ்சியதைக் கட்டித் தென்மராட்சிக்கு உருட்டிப் போனதும் அதே சைக்கிளைத்தான். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும் எத்தனையோ வீடுகளில் பழைய சைக்கிளுக்கு மீண்டும் காற்றடித்தார்கள். ஆனாலும் ஸ்கூட்டரில் ஏறியதும் இவையெல்லாம் எனக்கு மறந்துபோயின.

மறுவாரம் என் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். மாலைகளில் அந்தப் பிள்ளையோடு ரியூசன்வரை போய் வரத் தொடங்கினேன். பல வருடங்களுக்குப் பின் வீதியை ஓரத்திலிருந்து பார்த்தேன்.

எங்கள் வீதிகளில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை இல்லை. வெள்ளைக்கோட்டுக்கு இடப்பக்கத்து ஒடுங்கிய துண்டுதான் அவர்களுடைய பாதை. அதிலும் ஓரிடத்தில் கல்லும் மணலும் குவிந்திருக்கும். இன்னோரிடத்தில் நெல் காயும். கடை வாசலில் வான் நிற்கும். ஒவ்வொரு தடவையும் சைக்கிள்காரர் கோட்டைத் தாண்டி வெளியே வரவேண்டும். அந்த நேரம் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும். அவர் வேண்டுமென்று குறுக்கே வரவில்லை. அவருக்கு வேறு வழியில்லை.

பிரித்தானியாவிலும் எங்களைப் போல வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடுகின்றன. அங்கே 2022 ஜனவரியில் வீதி விதிக்கோவையைத் திருத்தினார்கள். அதிகம் தீங்கு செய்யக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே அதிக பொறுப்பு என்பது அதில் ஒன்று. நேரே போகும் சைக்கிளின் குறுக்கே வெட்டித் திரும்பக்கூடாது என்பது இன்னொன்று. இதை வாசித்தபோது எனக்கே எழுதியது போல இருந்தது. சைக்கிளின் பின்னாலேயே நின்று, அது சந்தியைக் கடந்தபின் திரும்பியிருந்தால் எனக்குச் சில செக்கன்கள்தான் போயிருக்கும்.

சகோதரிகளே, வாகனம் ஓட்டுபவர்களுக்கு இன்னும் சில சொல்வேன். சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீற்றராவது இடைவெளி விடுங்கள். இடமில்லையா, பொறுங்கள். கிட்டப்போய் ஹோர்ன் அடிக்காதீர்கள்; திடுக்கிட்டால் சைக்கிள் ஆடும். வீதியோரம் காரை நிறுத்தினால் ஓட்டுபவர் வலப்பக்கக் கதவை இடக்கையால் திறக்கப் பழகுங்கள். அப்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். நெதர்லாந்தில் இந்தப் பழக்கம் பிரபலமானது. ஓட்டோவில் வருகிறவர்கள் வலப்பக்கத்தால் இறங்க வேண்டாம். இடப்பக்கத்தால் இறங்கும்போதும் பின்னால் ஒருமுறை பாருங்கள்.

சைக்கிளில் போகும் சகோதரிகளுக்கும் பொறுப்பு உண்டு. கதை சுவாரசியம் என்று மூன்று பேர் சோடியாகப் போகாதீர்கள். எதிர்த்திசையில் வராதீர்கள். திரும்புமுன் பின்னால் பார்த்துக் கையைக் காட்டுங்கள். தரிப்பிடத்தில் நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கத்தால் நுழையாதீர்கள், ஆட்கள் இறங்குவார்கள். லொறியோ பஸ்ஸோ திரும்பும்போது அதன் பக்கவாட்டில் நிற்கவே வேண்டாம். சாரதிக்கு உங்களைத் தெரியாது. சேலைத் தலைப்பையும் ஷோலையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். கரியரில் பிள்ளையை ஏற்றினால் கால் வைக்கத் தாங்கி பூட்டுங்கள். சில்லுக் கம்பிக்குள் போன பிஞ்சுக் கால்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. இப்போதைய சைக்கிள்கள் பலவற்றில் டைனமோ இல்லை. இருட்டிய பின் வருகிறவர்கள் முன்னால் ஒரு லைட்டும் பின்னால் சிவப்பு ஒளித்தெறிப்பானும் பூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையின் ரியூசன் காசோடு இதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

மூன்றாவது கிழமை அந்தப் பிள்ளை எனக்கு முன்னால் போனாள். சந்தி வந்ததும் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் வேகத்தைக் குறைத்து, "போ பிள்ளை" என்று கையைக் காட்டினார். அவள் சிரித்தபடி கடந்து போனாள். யாரென்று தெரியாத அந்த மனிதருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"நாளைக்குத் தனியப் போவன் அன்ரி" என்று அன்றைக்குச் சொன்னாள். இப்போது தனியத்தான் போகிறாள். உங்கள் ஊர் வீதியிலும் அப்படி ஒரு பிள்ளை போய்க்கொண்டிருப்பாள். அவளைக் கண்டால் கொஞ்சம் பொறுத்து, வழிவிட்டுப் போங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.